சத்தம் நின்றுபோன கட்டுரை வகுப்பு

சனிக்கிழமை பிற்பகலானால் என் கடை மாடியில் கொலை விழும். முதலில் நாற்காலி உருளும். அடுத்து, "ஐயோ, விடுடா! என் பைய விடுடா!" என்று ஒரு குரல் கூரையைப் பிய்க்கும். தடதடவென்று ஓடுகிற சத்தம், யாரோ சுவரில் மோதுகிற சத்தம், "செத்தான்! செத்தான்!" என்று பிள்ளைகள் கூட்டமாகப் போடுகிற கூச்சல். பாத்திரம் வாங்க வந்த பெண்கள் இட்லிச் சட்டியைக் கையில் பிடித்தபடியே மேலே பார்ப்பார்கள். "ஒண்ணுமில்லம்மா, தமிழ்க் கட்டுரை கிளாஸ்" என்பேன். பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

என் பெயர் சூசைநாதன். தேக்கா கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆற்றங்கரையில் தொங்கான் படகிலிருந்து அரிசி மூட்டை சுமந்து, அந்த முதுகால் சம்பாதித்து இந்தக் கடைவீட்டை வாங்கினேன். எனக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. படித்தவர்கள் வந்து என்னிடம் கைகட்டி நின்றதும் உண்டு. அதை இன்னொரு நாள் சொல்லலாம், இது கண்மணியின் கதை. "எழுத்தப் பத்தி உங்களுக்கு என்னப்பா தெரியும்?" என்று என் மகன் ஜெரார்ட் கேட்கிறான். எழுத்து எனக்கு அரைகுறைதான். அடிதடி முழுசாகத் தெரியும். ஆற்றங்கரையில் கொக்கிக் கம்பியால் ஒருவனுடைய தோளைக் கிழித்ததையும் பார்த்திருக்கிறேன், என் தோளிலும் வாங்கியிருக்கிறேன். கண்மணியைப் பற்றி எழுத அப்படிப்பட்டவன்தான் சரி.

கண்மணி என் மாடி அறையை வாடகைக்கு எடுத்து, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பவள். நாற்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, தொண்டை மட்டும் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்களுக்குச் சமம். பரீட்சையில் பிள்ளைகளுக்குப் படங்களை வரிசையாகக் கொடுத்துக் கதை எழுதச் சொல்வார்களாம். முக்கால்வாசிப் படத்தில் திருட்டு, விபத்து, சண்டை. மற்ற டியூஷன்காரர்கள் அழகான தொடர்களை மனப்பாடம் செய்யவைத்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளும் எந்தப் படம் வந்தாலும் அதையே கொட்டிவிட்டு வருவார்கள். கண்மணிக்கு அது ஆகாது. எழுதுவதற்கு முன்னால் நடித்துக் காட்ட வேண்டும் என்பாள். ஒருநாள் நான் தண்ணீர் கேன் கொண்டுபோய் வைக்கும்போது எய்டன் என்ற பையனைப் பிடித்துவைத்திருந்தாள்.

"'திருடன் மின்னல் வேகத்தில் ஓடினான்'னு எழுதியிருக்க. கால்ல என்ன போட்டிருந்தான்?"

"பிக்சர்ல தெரியல டீச்சர்."

"ஸ்லிப்பரா, ஷூவா? ஸ்லிப்பர் போட்டவன் எப்படிடா மின்னல் வேகத்துல ஓடுவான்? எந்திரி, ஓடிக் காட்டு."

அவன் ஓடினான். ஸ்லிப்பர் ஒன்று பறந்து ஜன்னலில் அடித்தது. மற்றதுகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"பாத்தீங்களா? இப்ப எழுது. ஒரு ஸ்லிப்பர் கழண்டு போச்சு, அவன் ஒத்தக் கால்ல நொண்டி நொண்டி ஓடினான். மின்னல வானத்துலயே விடு."

வேடத்துக்கு ஆள் பற்றாக்குறை வந்தால் வரிசைக் கடைகளிலிருந்து பிடித்துக்கொண்டு போவாள். எதிர்ப் பூக்கடை சுப்பிரமணியம் போலீஸ்காரராகப் போயிருக்கிறார். என்னைத் திருடனாக்கினாள். நான் அவள் பையைப் பிடுங்கி, அவளை ஒரு தள்ளு தள்ளி, தடுக்கி விழுந்ததில் பலகைத் தரை அதிர்ந்தது. "தாத்தா, ஒன்ஸ் மோர் லா!" என்று கத்திக் கை தட்டினார்கள். அந்த மாடியில் என்னைவிட நல்ல திருடன் வந்ததில்லை என்று அவளே சொன்னாள். பிள்ளைகள் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். குறுக்கே பேசக்கூடாது. எந்தக் கை ஓங்கியது, எங்கே பட்டது, பட்டவன் முகம் எப்படிப் போனது, எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பென்சிலைத் தொடலாம். அதுதான் அவள் வகுப்பின் சட்டம்.

இவ்வளவு விவரம் கேட்கிற பெண் தன் விஷயத்தில் ஒரு வரிக்கு மேல் சொன்னதில்லை. அவள் கணவன் சுரேந்தர். மார்சிலிங்கில் வீடு, ஏதோ கிடங்கில் சூப்பர்வைசர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். இரவுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளின் தாள் திருத்துகிறாள் என்று ஒருநாள் கொதிக்கிற சோற்றை அவள் புறங்கையில் கவிழ்த்திருக்கிறான். இன்னொரு நாள் அலமாரிக் கதவில் தலையை வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான். ஒருமுறை அந்தக் கட்டுரைத் தாள்களையே சுருட்டி அவள் வாயில் திணித்து, மூக்கையும் பொத்திப் பிடித்திருக்கிறான். கிளினிக்கில் டாக்டர் கேட்டபோதெல்லாம் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்பதே பதில். கடைசியில் ஒரு பையோடு ஆங் மோ கியோவில் இருக்கிற அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும், அப்போது என்னிடம் வீட்டை விட்டு வந்ததைக்கூடச் சொல்லவில்லை. "அக்கா வீடு இங்கேருந்து பக்கம் அங்கிள்" என்றாள், அவ்வளவுதான். இந்த வகுப்பு ஓடினால் அவள் தன் சோற்றைத் தானே தின்பாள். இது நின்றால் மார்சிலிங்குக்குத் திரும்ப வேண்டியதுதான், அக்கா வீட்டில் எத்தனை காலம் ஒண்ட முடியும்? அது அவளுக்கும் தெரியும், சுரேந்தருக்கும் தெரியும்.

அவன் முதலில் என் கடைக்குத்தான் வந்தான்.

"வணக்கம் ஐயா. மேல கிளாஸ் எடுக்கறவங்க என் வீட்டம்மா."

"சந்தோசம். குக்கர் பாக்கறீங்களா?"

"ரூம காலி பண்ணச் சொல்லுங்க. அந்த கிளாஸ் இருக்கற வரைக்கும் அவ வீடு திரும்ப மாட்டா."

"என் ரூம நான் யாருக்குக் குடுக்கணும்னு சொல்ல நீங்க யாரு?"

சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் ஆற்றங்கரையில் பார்த்திருக்கிறேன், கொக்கியை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறவன் சிரிப்பு.

"வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? படி வேற செங்குத்தா இருக்கு. பாத்து ஏறுங்க."

"தம்பி, நான் அரிசி மூட்டையோட ஒத்தப் பலகையில ஏறி இறங்கினவன். நீ பாத்து இறங்கு."

போய்விட்டான். கண்மணியிடம் சொன்னேன். முகம் வெளுத்தது. "சும்மா பேசுவாரு அங்கிள், ஒண்ணும் செய்ய மாட்டாரு" என்றாள். அந்த ஒரு வரிதான், வழக்கம்போல.

அடுத்த சனிக்கிழமை மாடியில் வழக்கமான கொலை நடந்துகொண்டிருந்தது. லிஃப்ட் வாசலில் ஒருவன் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்கிற படம். எய்டன் திருடன், கண்மணி பையைப் பறிகொடுக்கிறவள். நான் கீழே ஒரு அம்மாவுக்குக் குக்கர் மூடியைத் திருகிக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கப் படி வழியாக சுரேந்தர் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. இனிச் சொல்வது நான் பிறகு பிள்ளைகளிடமும் அவளிடமும் கேட்டுச் சேர்த்தது.

கதவு திறந்தது. அவன் நேராக வந்து கண்மணியின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். புது ஆள், பெரிய திருடன்! எய்டன் விலகி இடம் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டான். சுரேந்தர் அவள் முகத்தில் அறைந்தான். ஒரு கையால் பிடித்து மறு கையால் அறைந்தான், மறுபடியும் அறைந்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள். கண்மணி கத்தவில்லை. கத்தினால் பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள், இவன் வாசல் பக்கம் நிற்கிறான், எதிரில் வருகிற பிள்ளையை என்ன செய்வானோ. அந்த நொடியில் அவளுக்கு அவ்வளவுதான் ஓடியிருக்கிறது.

"உக்காருங்க. யாரும் எந்திரிக்கக் கூடாது. பாத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

டீச்சர் சொன்னபடி பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள். அவன் அவளைத் தரையில் தள்ளினான். "எழுதற கைதான உனக்கு? எழுதற கைதான?" என்று கேட்டுக்கொண்டே அவள் வலது கையைக் காலால் மிதித்துத் திருகினான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டதும்தான் கைதட்டல் நின்றது.

கீழே என் காதுக்கு எட்டியது அந்த நிற்றல்தான். கூச்சலை வைத்து யாரும் ஓடிவர மாட்டார்கள், வரிசை முழுக்கப் பழகிப்போன கூச்சல். பக்கத்துத் தையற்கடை ஷாஹித்தும் கேட்டிருக்கிறார், தையல் எந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை. ஆனால் நான் நிஜச் சண்டை பார்த்தவன். நிஜமாக அடி வாங்குகிறவன் முழு வாக்கியம் பேச மாட்டான், பார்த்து நிற்கிறவர்களுக்கு மூச்சே வராது. அவ்வளவு பிள்ளைகள் இருக்கிற அறையில் ஒரு முனகல்கூட இல்லை. குக்கர் மூடியை அந்த அம்மா கையில் திணித்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த இரும்புத் தோசைத் திருப்பியை உருவிக்கொண்டு படியேறினேன்.

மேலே நான் பார்த்தது என் கண்ணை விட்டுப் போகாது. பிள்ளைகள் சம்மணம் போட்டு வரிசை குலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிலருடைய கைகள் தட்டுகிற வாக்கிலேயே உறைந்திருந்தன. ரபியா என்கிற பெண்பிள்ளையின் தண்ணீர்ப் புட்டி சாய்ந்து அவள் மடியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு முன்னால் சுரேந்தர் கண்மணியின் முதுகில் முழங்காலை ஊன்றி, தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, மேசைக்காலில் அவள் முகத்தை மோதிக்கொண்டிருந்தான். இரத்தம் பலகை இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வாய் மட்டும் "உக்காருங்க, உக்காருங்க" என்று அசைந்தது.

தோசைத் திருப்பியின் விளிம்பு அவன் காதுக்கு மேல் இறங்கியது. இரண்டாவது அடி மணிக்கட்டில், முடியை விட்டான். எழுந்து திரும்பி என் விலாவில் ஒரு உதை விட்டான். எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. கிழவன் விழுந்துவிடுவான் என்று நினைத்தான் போலிருக்கிறது. நான் விழத்தான் செய்தேன், ஆனால் அவன் மேல் விழுந்தேன். மூட்டை தூக்கிய உடம்பு, இன்னும் கனம் குறையவில்லை. அவன் என் முன்கையைக் கடித்தான். நான் என் நெற்றியை அவன் மூக்கில் இறக்கினேன். அதற்குப் பிறகு அவன் கடிக்கவில்லை.

"எய்டன், கீழ போய் ஆளக் கூப்புடு!" என்று கத்தினேன்.

பையன் அசையவில்லை. "டீச்சர் உக்காரச் சொன்னாங்க தாத்தா" என்றான்.

கண்மணி தலையைத் தூக்கி, "போ" என்றாள். ஒரே ஓட்டம். கீழே குக்கர் மூடியோடு நின்ற அம்மாதான் போலீசுக்கு போன் செய்தது. ஷாஹித்தும் சுப்பிரமணியமும் ஏறி வரும்வரை நான் அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுபதைத் தாண்டியவன், விலா எலும்பு உடைந்தவன் என்பதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுரேந்தர் கெட்டிக்காரன். மூக்கில் துணியை வைத்துக்கொண்டே ஒரு கதை சொல்லிவிட்டான். மனைவியைப் பார்க்க வந்தேன், அவள் ஏதோ நாடகம் ஆடிக்கொண்டிருந்தாள், தடுக்கி மேசையில் விழுந்தாள், தூக்கப் போனேன், இந்தக் கிழவர் பைத்தியம் பிடித்தவர்போல் இரும்பால் அடித்தார். நடிக்கிற வகுப்பு என்பது வரிசைக்கே தெரிந்த உண்மை. நேரில் பார்த்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே. அவர்களும் முதலில் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டியவர்கள்.

ஆஸ்பத்திரியில் கண்மணிக்குக் கன்னத்தில் தையல், வலது கையில் மாவுக்கட்டு. இல்ஹாம் என்கிற மலாய்க்கார இளம் போலீஸ் அதிகாரி வந்து அவள் கட்டிலுக்கு அருகே உட்கார்ந்தார். விலாவில் கட்டுப்போட்டிருந்த நானும் போய் ஓரமாக நின்றேன், என்மேலும் புகார் இருந்ததே. வேண்டுமானால் பிள்ளைகளை விசாரிக்கலாம், பெற்றோரிடம் கேட்கட்டுமா என்றார் அவர், பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான்.

"வேணாம். பிள்ளைங்கள விட்ருங்க" என்றாள் கண்மணி.

"அப்படின்னா நீங்க சொல்லணும். என்ன நடந்தது?"

அவள் வாய் திறந்தது. "நான்... வழுக்கி..." என்று தொடங்கியது. பழக்கம்! எத்தனை வருடப் பழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறுக்கே பாய்ந்திருப்பேன், விலா விடவில்லை. அவள் நிறுத்தினாள். கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது பாதிதான், மீதியை அவளே பிறகு தமிழில் சொன்னாள்; ஆனால் வாக்குமூலத்தைத் தட்டிக்கொண்டிருந்த அவர் விரல் நின்றுபோனதைப் பார்த்தேன். அன்றைய சனிக்கிழமையை அவள் முதலில் சொல்லவில்லை. மார்சிலிங்கிலிருந்து சொன்னாள். சோறு எந்தச் சட்டியில் இருந்தது, அவன் எந்தப் பக்கம் நின்றான், அலமாரிக் கதவு எத்தனை அங்குலம் திறந்திருந்தது, வாயில் திணித்த தாள் எந்தப் பிள்ளையுடையது, அதில் பென்சில் கரி நாக்கில் எப்படிக் கசந்தது. எந்த கிளினிக்கில் என்ன பொய் சொன்னாள் என்பதையும் சொன்னாள். இல்ஹாம் ஒரு தடவை எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அந்தப் பொய்களையெல்லாம் கிளினிக்குகள் எழுதிவைத்திருந்தன, காயங்களையும் சேர்த்து. அவள் சொன்னதும் காயங்களும் ஒன்றோடொன்று பொருந்திப்போயின. அவன் அவளை நெருங்கக்கூடாது என்று பாதுகாப்பு ஆணை வந்தது, வழக்கு வந்தது, சுரேந்தர் உள்ளே போனான். என் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அந்த எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டேன், வருத்தப்படவில்லை.

ஆனால் வகுப்பு செத்துவிடும் போலிருந்தது. பெற்றோர் மாடியில் கூடினார்கள். தரையைத் தேய்த்துக் கழுவியும் கறை முழுக்கப் போகவில்லை. ரபியாவின் அம்மா ருக்ஸானா உட்காரவே இல்லை.

"எம்பொண்ணு தூங்க மாட்டேங்கறா டீச்சர். 'நான் கை தட்டினேன்மா, நான் கை தட்டினேன்'னு அழுவுறா. ஒருத்தி சாகக் கெடக்கறா, எம்பொண்ணு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா. இதையா படிச்சுக் குடுத்தீங்க?"

நான் வாய் திறந்தேன். "இந்தாம்மா, அந்தப் பிள்ளைங்களக் காப்பாத்தத்தான்..."

"அங்கிள், சும்மா இருங்க" என்றாள் கண்மணி. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சும்மா இருந்தேன்.

"ஆமா, நாந்தான் படிச்சுக் குடுத்தேன்" என்றாள் ருக்ஸானாவிடம். "அடி விழறதப் பாக்கச் சொல்லிக் குடுத்தேன். நெஜமா விழுந்தா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுக்கல. நீங்க பிள்ளைய நிறுத்தினா நான் கோச்சுக்க மாட்டேன். ஆனா ஒருதடவ ரபியாவ நான் பாக்கணும்."

ரபியாவைக் கீழே என் கடையில் உட்காரவைத்திருந்தார்கள். மேலே வந்தாள். டீச்சரின் கன்னத்துத் தையலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நடந்தது கதை இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா. எனக்கு நடந்தது. நான் உக்காருன்னேன், நீ உக்காந்த. அவர் உங்கிட்ட வந்துடக் கூடாதுன்னு சொன்னேன். நீ கை தட்டினது என் காதுல விழவே இல்ல."

அது பொய் என்று எனக்குத் தெரியும். நல்ல பொய்.

"அத நாங்க காம்போ கட்டுரையில எழுதணுமா?"

"வேணாம். அத நான் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டேன்."

ருக்ஸானா மகளை அழைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பாதிப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை கண்மணி வந்து உட்கார்ந்தாள், இடது கையால் பலகையில் தேதி எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். எய்டன் வந்தான். இன்னும் சிலர் வந்தார்கள். வகுப்பு பாதி நடந்தபோது ரபியா வந்தாள். ருக்ஸானா படியில் உட்கார்ந்துகொண்டாள், இறங்கவில்லை.

இப்போது வகுப்புக்குப் புதுச் சட்டம். அடிவிழும் காட்சி என்றால் முதலில் கதவையும் ஜன்னலையும் அகலத் திறக்க வேண்டும். வரிசைக் கடை ஒவ்வொன்றுக்கும் கண்மணியே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: மாடியில் சத்தம் கேட்டால் வாருங்கள், ஒவ்வொரு தடவையும் வாருங்கள், நடிப்பாக இருந்தாலும் வாருங்கள். பக்கத்து ஆட்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்கள். எய்டன் "கொல்றான், கொல்றான்!" என்று ஒரு குரல் விட்டால் ஷாஹித் கத்தரிக்கோலோடு ஓடிவருகிறார். மூச்சு வாங்க வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்க்கிறார். டீச்சரை மேலும் கீழும் பார்க்கிறார். அவர் இறங்குவதற்குள் பூக்கடை சுப்பிரமணியம் விளக்குமாற்றோடு ஏறுகிறார்.

"நடிப்புதான் அண்ணே, போங்க" என்கிறாள் கண்மணி.

"போறேன்மா. அந்தக் கதவுக்குப் பின்னால யாரு?"

"யாருமில்ல."

"தெறந்து காட்டு, பாத்துட்டுப் போறேன்."

பிள்ளைகளுக்கு எரிச்சல். "டீச்சர், ஒரு திருடனக்கூட முடிக்க விட மாட்டேங்கறாங்க லா!" என்று எய்டன் காலை உதைக்கிறான்.

"பரவால்ல" என்கிறாள் அவள், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. "அவர் பாத்துட்டுப் போகட்டும். நீ போய் மறுபடி லிஃப்ட் வாசல்ல நில்லு. முதல்லேருந்து."